குட்டிச்சுவர் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம்

மார்ச் 2

தம்பிக்கு,

உன் மகளின் விண்ணப்பத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கசங்காமல் இருக்க அட்டை வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். அந்த மரியாதையில் நான் குறை வைக்கவில்லை.

உடனே போனைத் தூக்காதே. நான் எடுக்க மாட்டேன். நம் ரசிகர் மன்றத்தின் விதி நான்கு உனக்கு மறந்திருக்காது, நீயே எழுதியதுதான்: மன்றத்துக்குள் சண்டை வந்தால் தபாலில் மட்டும் போட வேண்டும், ஏழு நாளுக்குள் பதில் எழுத வேண்டும். ஒரே அறையில் இருந்துகொண்டு நாம் போட்ட கூச்சல் தாங்காமல் அம்மா, "வாயைத் திறக்காதீங்க, எழுதித் தொலைங்க" என்று ஆளுக்கொரு நோட்டைக் கையில் திணித்தாளே, அதிலிருந்து வந்த விதி. இருபத்தேழு வருடமாக மன்றம் உடையாமல் இருப்பது அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தின் மூன்றாவது கேள்வி: 'குட்டிச்சுவர் தொடரில் உங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி எது? ஏன்?' அதற்கு வாண்டு எழுதியிருப்பது: 'முட்டைக்கண்ணி சுவரைத் தாண்டிக் குதித்து ஓடுவது. ஏனென்றால் அவள் என்னைவிட வேகமாக ஓடுகிறாள்.'

முட்டைக்கண்ணி எப்படியடா ஓடுவாள்? அவள் துணிப் பொம்மை. இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் கிடையாது, உள்ளே ஒரு மனிதரின் கைதான் உண்டு. இருபத்திரண்டு வருடம் அந்தக் குட்டைச் சுவருக்குப் பின்னால் நின்ற இடத்தில் நின்றபடியே அவளும் இன்னொரு பொம்மையான மூக்கனும் டிவியில் உலகத்தைப் பேசித் தீர்த்தார்கள். ஓடுகிறவள் போன வருடம் வந்த கார்ட்டூன்காரி. 'முட்டைக்கண்ணி ஊர் சுற்றுகிறாள்' என்று அதற்கு ஒரு பெயர் வேறு. குச்சி மாதிரி இரண்டு கால், சிவப்பு ஷூ. பார்த்த அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. குட்டிச்சுவரை நிஜமாகவே குட்டிச்சுவராக்கிவிட்டார்கள்.

மே முதல் ஞாயிறு ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன். கார்ட்டூன் நம் தொடரில் சேர்த்தி இல்லை. அதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு உறுப்பினர் அட்டை இல்லை. நான் தலைவி. சொந்தத் தம்பி மகளுக்கு மட்டும் பின்கதவைத் திறந்துவிட்டு மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வாண்டுவுக்கு என் முத்தம். அவளோடு எனக்குச் சண்டை இல்லை.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

முத்தத்தைக் கொடுக்கவில்லை. "அத்தைக்கு என்னைப் பிடிக்கலையாப்பா?" என்று கேட்கிற பிள்ளையிடம், "ரொம்பப் பிடிக்கும், மூணாவது கேள்விலதான் நீ கோட்டை விட்டுட்ட" என்று சொல்லி முத்தம் கொடுக்கிற திறமை எனக்கு இல்லை.

எட்டு வயது நிறைந்தால்தான் மன்றத்தில் சேரலாம் என்பதால் ஒரு வருடமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். பிறந்த நாளன்று கேக்கை வெட்டுவதற்கு முன்னால், "ஃபாரம் எங்க?" என்றுதான் கேட்டாள். நான் உதவுகிறேன் என்றதற்கு விரட்டிவிட்டாள். அவளாக எழுதிய பதில் அது. பிடித்ததைப் பிடித்தது என்று எழுதியிருக்கிறாள். பொய் எழுதச் சொல்லியிருக்க வேண்டுமா?

கார்ட்டூன் எனக்கும் பிடிக்கும். இதோ, எழுத்திலேயே கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள். நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில் நின்று "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்க வீட்டுக்கு வருகிறேன். கூடத்தில் முட்டைக்கண்ணி மலை ஏறுகிறாள், என் மகள் சோபா மேல் ஏறுகிறாள். அதைப் பார்க்கும்போது மனசு லேசாகிறது. நீ மன்றச் சுற்றறிக்கையில் அந்தக் கால்களைத் திட்டி மூன்று பக்கம் எழுதியபோது நான் பதிலுக்கு அரைப் பக்கம் எழுதினேன். அதற்குத்தானே சுற்றறிக்கையின் துணை ஆசிரியர் பதவியிலிருந்து என்னைத் தூக்கினாய்?

பொம்மைத் தொடர் நின்று பதினோரு வருடம் ஆகிவிட்டது அக்கா. இப்போதைய பிள்ளைகளுக்கு முட்டைக்கண்ணியைத் தெரிய வேறு வழியே இல்லை. நம் மன்றத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் யார் தெரியுமா? பல் டாக்டர். அவர் சேர்ந்தே ஆறு வருடம். நம்மில் ஒருவருக்குக்கூட முப்பதுக்குக் கீழே வயது இல்லை. யாருக்காகக் கதவைச் சாத்துகிறாய்?

வாண்டு உனக்காக வரைந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் திரும்பி வந்த மறுநாள், "அத்தைக்குக் கோவம் போகட்டும்" என்று வரைந்தது. முட்டைக்கண்ணியும் நீயும் கைகோத்து நிற்கிறீர்கள். உன் கத்தரிக்கோலைக்கூட விடவில்லை. இதைப் பார்த்த பிறகும் உன் மனசு இளகவில்லை என்றால் நான் என்ன சொல்ல.

தம்பி


மார்ச் 12

தம்பி,

மன்ற விஷயத்தை அப்புறம் பேசுவோம். இதற்கு மட்டும் உடனே பதில் எழுது. இந்தப் படத்தை வாண்டு எந்தக் கையால் வரைந்தாள்?

படத்தைக் கடையில் என் மேஜைக்கு எதிரே ஒட்டியிருந்தேன். இளகவில்லை என்று யார் சொன்னது? தையல்காரர்கள் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன், "என் தம்பி பொண்ணு, எட்டு வயசு, கத்தரிக்கோல் பிடியைக்கூட சரியா போட்டிருக்கா பாருங்க" என்று. மத்தியானம் ஒரு சட்டைத் துணியை விரித்து வெட்டப் போகும்போது தற்செயலாக மறுபடி பார்த்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

முட்டைக்கண்ணியின் கவுனுக்கு நிறம் தீட்டியிருக்கிறாளே, அந்தக் கோடுகளைப் பார்த்தாயா? எல்லாம் வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்குச் சரிகின்றன. வலது கைக்காரர்கள் நிறம் தீட்டினால் அப்படித்தான் சரியும். போன வருடம் என் பிறந்த நாளுக்கு அவள் அனுப்பிய வாழ்த்தை வீட்டில் தேடி எடுத்தேன். அதில் கோடுகள் எதிர்ப்பக்கம் சரிகின்றன. எழுத்துக்கு மேல் கை உரசிப்போன மைக் கறையும் இருக்கிறது. அது இடது கைப் பிள்ளையின் வேலை. இடது கைக்காரி சொல்கிறேன், இதில் நான் தப்ப மாட்டேன்.

விண்ணப்பத்தைப் பார்த்தபோது எழுத்து கோணல்மாணலாக இருந்தது. குழந்தைதானே என்று விட்டுவிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் யாராவது அவள் கையைப் பிடித்து மாற்றினார்களா? யார் என்று மட்டும் சொல். அடுத்த ரயிலில் வருகிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

ரயில் ஏறாதே. பள்ளிக்கூடத்தில் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலது கையில்தான் எழுதுகிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் இழுத்து இழுத்து. மூன்று மாதமாக இப்படியாம். 'எழுத்து மோசமாகிவிட்டது, கவனம் போதாது' என்று டீச்சர் இரண்டு முறை நோட்டில் எழுதி அனுப்பினார். நானும் என் பங்குக்கு விளையாட்டுப் புத்தி என்று திட்டினேன். தினமும் எத்தனை பேருக்கு இடது எது, வலது எது என்று காட்ட L, R என்ற ஈய எழுத்தைப் பக்கத்தில் வைத்து எக்ஸ்ரே எடுக்கிறவன் நான். என் வீட்டில் என் பிள்ளை கையை மாற்றிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். "முட்டைக்கண்ணி இந்தக் கையிலதானே எழுதுறா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பொம்மைத் தொடரில் எல்லாவற்றையும் இடது கையால் செய்தவள், கார்ட்டூனில் வலது கைக்காரி. எழுதுவது, பந்து எறிவது, கதவு தட்டுவது எல்லாம் வலது கை. இத்தனை வாரம் கூடவே உட்கார்ந்து பார்த்தவன், கண் எங்கே இருந்ததோ. நீ முதல் வாரமே கவனித்திருப்பாய். ஆனால் கவனித்ததை ஏன் எழுதவில்லை? மூன்று பக்கமும் காலைத் திட்டினாயே தவிர கையைப் பற்றி ஒரு வரி இல்லை. காலிலா உன் கோபம்?

உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டாலும் சரி. முட்டைக்கண்ணி இடது கைக்காரியே இல்லை. பொம்மையை ஆட்டுகிறவர்களில் பெரும்பாலும் எல்லோரும் வலது கைக்காரர்கள். வலது கை பொம்மையின் தலைக்குள் போய்விடும், வாயை அசைக்க. மிச்சம் இருப்பது இடது கை. அதனால்தான் பொம்மை இடது கையை ஆட்டுகிறது. வேறு ரகசியம் ஒன்றும் கிடையாது. கார்ட்டூன்காரர்களுக்கு அந்த இடைஞ்சல் இல்லை, அவர்கள் இஷ்டப்படி வரைந்துவிட்டார்கள். இதைப் போய்ப் பெரிய துரோகம் மாதிரி நீ நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

தம்பி


மார்ச் 25

தம்பி,

உன் பாடத்துக்கு நன்றி. இந்த விவரம் எனக்குப் பதினாலு வயதிலேயே தெரியும்.

உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. இப்போது சொல்கிறேன். எனக்கு எட்டு வயது இருக்கும்போது வகுப்பில் ஒரு வாத்தியார் இருந்தார். நான் இடது கையால் எழுதினால் அடிக்க மாட்டார், அவ்வளவு நல்லவர். அந்தக் கை மேலேயே என்னை உட்காரச் சொல்லுவார். பாடம் முடிகிறவரை உட்கார வேண்டும். பெஞ்சுப் பலகையின் கோடு கையில் பதிந்து போகும். பிள்ளைகள் 'நொட்டாங்கை, நொட்டாங்கை' என்று பாட்டுப் பாடுவார்கள். வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் என் மேல்தான் தப்பு என்று ஆகிவிடுமோ என்று பயம்.

அந்த வருடம்தான் குட்டிச்சுவர் தொடங்கியது. இரண்டாவது வாரத்தில் முட்டைக்கண்ணி ஒரு சாக்பீஸை எடுத்து, சுவர் மேல் 'இது என் இடம்' என்று எழுதுவாள். இடது கையால். மூக்கன் பக்கத்தில் நின்று பார்ப்பான், ஆனால் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். யாருமே பேச மாட்டார்கள்! அதுதான் எனக்கு ஆச்சரியம். திங்கட்கிழமை நான் வகுப்புக்குப் போய் இடது கையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். வாத்தியார் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எடுக்கவில்லை. அன்றைக்கு எடுக்காத கைதான் இன்றைக்கு நாற்பது தையல்காரர்களுக்குத் துணி வெட்டிக் கொடுக்கிறது. கட்டிங் மாஸ்டர் கை வைக்காமல் இந்தக் கடையில் ஒரு சட்டை உருவாகாது. இதை நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பதினாலு வயதில் ஒரு கண்காட்சியில் அந்தப் பொம்மையை ஆட்டுகிறவரை நேரில் பார்த்தேன். "நீங்களும் என்னை மாதிரிதானே?" என்று கேட்டேன். "இல்லம்மா, எனக்கு வலது கை. அது தலைக்குள்ள மாட்டிக்கிச்சு" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். நீ பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாய். மூன்று நாள் அழுதுவிட்டு நாலாவது நாள் யோசித்தேன். யார் கை எதற்குள் மாட்டினால் எனக்கு என்ன? என் கையை எனக்கு மீட்டுக் கொடுத்தவள் அவள். மறுவாரம் உன்னைக் கூப்பிட்டு மன்றம் தொடங்கினேன்.

கையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். எழுதினால் இதையெல்லாம் எழுத வேண்டும். அவ்வளவு பேர் படிக்கிற சுற்றறிக்கையில் என்னால் முடியவில்லை. கால் சுலபமாக இருந்தது.

வாண்டுவை வற்புறுத்தாதே. மறுபடி இடது கைக்கு மாற்று என்று அவளைப் பிடித்து அழுத்தினால் நீயும் அந்த வாத்தியாரும் ஒன்று. இத்துடன் அந்தப் பழைய காட்சியின் பதிவை வைத்திருக்கிறேன். போட்டுவிட்டு நீ பேசாமல் இரு. உன்னால் முடியாதுதான், இருந்தாலும் முயற்சி செய்.

தீர்மானத்தை நான் கைவிடவில்லை. முன்பு பிடிவாதத்தில் கொண்டுவந்தேன். இப்போது காரணத்தோடு கொண்டுவருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

ஏழு நாள் கெடு தாண்டிவிட்டது. விதியை மீறியதற்கு மன்னிப்பு. கிராம்பை நினைத்து நினைத்து எனக்கு எழுத வரவில்லை.

ஒரே அறையில் இருந்தோம் அக்கா. எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் 'பெரிய துரோகம் மாதிரி' என்ற அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். நீ துணி வெட்டுவதை உன் கடையில் நின்று பார்த்திருக்கிறேன், என் நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அந்தக் கையைப் போல ஒரு கை எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்பதில் எனக்குக் கர்வம்.

பதிவைப் போட்டேன். பேசாமல் இருந்தேன், உன் மேல் ஆணை. வாண்டு ஒரு முறை பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கார்ட்டூனைப் போடச் சொன்னாள். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். "அப்பா, இவங்க தப்பா வரைஞ்சிருக்காங்க. யாருமே பாக்கலையா?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. போய் பென்சிலை எடுத்தாள், இடது கையில். அவள் பாட்டுக்கு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். வீட்டுப்பாடம் இல்லை, கார்ட்டூன் கம்பெனிக்குக் கடிதம். முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மட்டும் என் வேலை.

கார்ட்டூன் பார்ப்பதை நிறுத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மறுநாளும் அதே நேரத்துக்கு ஆஜர், அதே சோபா.

நான் விண்ணப்பத்தை மறுபடி அனுப்பி உன்னைக் கெஞ்சப் போவதில்லை. உன் தீர்மானம் நியாயம் என்றே இப்போது தோன்றுகிறது. கூட்டத்தன்று எனக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் இருப்பதால் வர முடியாது. என் தபால் ஓட்டைத் தனி உறையில் வைத்திருக்கிறேன், உனக்குச் சாதகமாக. ஆனால் வாண்டு கூட்டத்துக்கு வந்தே தீருவேன் என்கிறாள். அவள் அம்மா கூட்டிக்கொண்டு வருகிறாள். "கார்டு குடுக்காட்டியும் பரவால்ல, நான் ஒண்ணு கேக்கணும்" என்கிறாள். என்னவென்று எங்களிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். வாசலில் நிறுத்திவிடாதே.

தம்பி


ஏப்ரல் 14

தம்பி,

உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்தில் பேசக் கூடாது. தலைவியின் மருமகள் என்றாலும் கூடாது.

ஆனால் விதி பதினொன்று என்று ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டவர் நேரில் வந்து ஐந்து நிமிடம் முறையிடலாம். இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. அவளிடம் சொல்லிவை. நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் கடிதத்தின் இரண்டாம் பத்தியை ஆறு முறை படித்தேன். போதும், இதற்கு மேல் எழுதினால் மை கலைந்துவிடும்.

அக்கா


மே 6

தம்பி,

உன் மகள் உன்னிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். இருந்தாலும் தலைவியின் அதிகாரபூர்வமான அறிக்கை இது.

வாடகை ஹாலில் இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள், தபால் ஓட்டு மூன்று. தீர்மானத்தைப் படித்தேன். நன்றாகவே பேசினேன். அந்த வாத்தியாரைப் பற்றி, என் கையைப் பற்றி, முதல் முறையாக எல்லோர் முன்னாலும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நம் மன்றத்துப் பஸ் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்புறம் விதி பதினொன்றின்படி வாண்டுவைக் கூப்பிட்டேன். மைக் எட்டவில்லை. நாற்காலி போடட்டுமா என்றேன். "வேணாம் அத்தை, எனக்குச் சத்தமாவே பேச வரும்" என்று சொல்லிவிட்டுப் பேசினாள். அப்படியே எழுதுகிறேன்:

"முட்டைக்கண்ணி கையைத் தப்பா போட்டுட்டாங்க. நானும் அவளைப் பாத்து என் கையை மாத்திட்டேன். அத்தைதான் கண்டுபிடிச்சாங்க. நான் கார்ட்டூன் கம்பெனிக்கு லெட்டர் போட்டேன். பதில் வரல. இன்னொண்ணு போட்டேன். அதுக்கும் வரல. மூணாவது பையில இருக்கு. நான் ஒண்ணு கேக்கணும். நீங்க எல்லாரும் எவ்ளோ வருஷமா ரசிகர்? அவங்களுக்கு யாராச்சும் லெட்டர் போட்டீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேஜையைப் பார்த்தேன். மூன்று பக்கம் திட்டி எழுதினேன், நமக்குள் சுற்றுக்கு விட்டேன், நாமே படித்து நாமே தலையாட்டினோம். செய்தவர்களுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களிடம் போய்ப் பேசுவது நமக்குக் கௌரவக் குறைச்சல் என்று இருந்துவிட்டேன். அந்தக் கௌரவத்தில் எத்தனை பிள்ளைகள் கையை மாற்றிக்கொண்டார்களோ.

அவள் விடவில்லை. "கார்ட்டூன் பாக்குறவங்களைச் சேக்க மாட்டேன்னா, தப்பை யாரு பாப்பாங்க? நீங்கதான் அதைப் பாக்கவே மாட்டீங்களே! எனக்கு அவ ஓடுறதும் பிடிக்கும். ஓடட்டும். கையை மட்டும் சரி பண்ணச் சொல்லுங்க. அவ்ளோதான்."

ஐந்து நிமிடத்தில் இரண்டரைதான் ஆகியிருந்தது.

ஓட்டெடுப்பு நடத்தினேன். தீர்மானத்துக்கு ஆதரவு ஏழு, எதிர்ப்பு இருபத்து நாலு. என் கையை நான் இறக்கவில்லை. நான் கொண்டுவந்த தீர்மானம், கடைசிவரை அதன் பக்கம்தான் நிற்பேன். உன் தபால் ஓட்டும் என் பக்கம்தான் இருந்தது. ஆகவே உன் மகள் உன்னையும் சேர்த்தே தோற்கடித்திருக்கிறாள். முடிவை நானே எழுந்து நின்று அறிவித்தேன். இத்தனை வருடத்தில் இந்த மன்றத்தில் நான் தோற்ற முதல் ஓட்டு இது. இவ்வளவு சந்தோஷமாக நான் ஜெயித்ததும் இல்லை தம்பி! என்னை எதிர்த்து எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்தே பேசி, முழு ஹாலையும் தன் பக்கம் இழுத்தது நம் வீட்டுப் பிள்ளை. அவள் வெளியே போன பிறகு பல் டாக்டரிடம், "என் மருமக" என்றேன். தெரியும் என்றார். தெரிந்தாலும் சொன்னேன், இரண்டு முறை.

வாண்டுவின் மூன்றாவது கடிதத்தில் முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம். உன் பெயரையும் தபாலில் ஓட்டுப் போட்ட மற்ற இருவர் பெயரையும் நானே போட்டுவிட்டேன், மறுப்பு இருந்தால் எழுது. நீ ஜூன் மாதத்திலிருந்து மறுபடி துணை ஆசிரியர்.

இன்னும் ஒன்று. கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். உறுப்பினர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, நீங்க எத்தனை வருஷமா தலைவி?"

"இருபத்தேழு."

"உங்களை எதிர்த்து யாருமே நின்னதில்லையா?"

"யாருக்குடி அந்த தைரியம்?"

"அடுத்த எலெக்‌ஷன் எப்போ?"

"ரெண்டு வருஷம் கழிச்சு."

விரல் விட்டு எண்ணினாள். "அப்போ எனக்குப் பத்து. பத்து வயசுல நிக்கலாமா?"

விதிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தேன். தடை ஒன்றும் இல்லை. நிற்கலாம் என்று சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பல் டாக்டரிடம் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இன்றைக்கே பிரசாரத்தைத் தொடங்கிவிட்டேன். உன் ஓட்டு யாருக்கு என்று இப்போதே எழுது.

அக்கா